பூமிக்கு அடியில திசை பாக்க எது நல்லது: தொங்கு காம்பஸா, டயலா, தியோடலைட்டா?

சுரங்க சர்வே வரலாறு பேசும்போதெல்லாம் ஒரே கதையத்தான் சொல்றாங்க. அந்தக் காலத்துல காம்பஸ் வச்சு குத்துமதிப்பா அளந்தாங்க, அப்பறம் தியோடலைட், அதாவது டெலஸ்கோப் வச்சு கோணம் அளக்கற கருவி வந்துச்சு, எல்லாம் துல்லியமாயிடுச்சுன்னு. சர்வே வேலைல இருக்கறவன்ங்கற முறைல சொல்றேன், இந்தக் கதைய என்னால ஏத்துக்க முடியல. காம்பஸ் சில இடத்துல தியோடலைட்டவே தோக்கடிக்கும், சில இடத்துல ஆளயே கொன்னுடும், எந்த இடத்துல எதுங்கறதுதான் தெரிஞ்சிருக்கணும். அதத் தெரிஞ்சுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கருவிக்கு திசை எங்கேர்ந்து கிடைக்குது?

முடிவு எடுக்க வேண்டிய ஆளா நம்மள ஒரு மார்க்ஷைடரா வச்சுக்குவோம், ஜெர்மன் சுரங்கங்கள்ல அளவுக்காரருக்கு அதுதான் பேரு. வருஷம் 1840 வாக்குல, இடம் சாக்ஸனில ஃப்ரைபெர்க், இல்லன்னா ஹார்ஸ் மலைல கிளவ்ஸ்டால். வெள்ளியும் ஈயமும் எடுக்கற பழைய சுரங்கங்கள், தண்ணி வடிக்க கீழ் மட்டத்துல ஒரு நீளமான பாதை குடையணும், ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஆள் விட்டு பாறைய உடைச்சுக்கிட்டே வரணும், நடுவுல ரெண்டு முனையும் சந்திக்கணும். கையால குடையற காலம், நல்ல கெட்டிப் பாறைல மாசக் கணக்குல வேல பாத்தாலும் கொஞ்ச தூரம்தான் நகரும். ரெண்டு மீட்டர் தள்ளிப் போச்சுன்னா அத்தன பேரோட அத்தன மாச உழைப்பும் வீண். கைல இருக்கறது மூணு கருவி.

முதல்ல தொங்கு காம்பஸ், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். காம்பஸ் சுரங்கத்துக்குள்ள வந்தது அதுக்கும் ரொம்ப முன்னாடி. ஃப்ரைபெர்க்ல டாக்டராவும் மேயராவும் இருந்த உல்ரிஷ் ரூலைன் 1500 வாக்குல எழுதின சின்னப் புத்தகத்துலயே சுரங்கக் காம்பஸ் படம் இருக்கு, சுரங்கத் தொழில் பத்தி அக்ரிகோலா எழுதி 1556ல வந்த புத்தகத்துலயும் காம்பஸ் அளவு பத்தி விவரமா இருக்கு. அந்தக் காம்பஸ்ல டிகிரி கிடையாது, மணிக் கணக்குதான், வட்டத்த 24 மணியா பிரிச்சிருப்பாங்க, ஒரு மணின்னா 15 டிகிரி. தாது ரேகை, அதாவது பாறைக்குள்ள தாது ஓடற பட்டை, எந்த மணில ஓடுதுன்னு பாத்து அதுக்குப் பேரே வச்சாங்க. ஃப்ரைபெர்க் கணக்குல 0லேர்ந்து 3 மணி வரைக்கும் ஓடறது நிக்கற ரேகை, 3லேர்ந்து 6 காலை ரேகை, அதுக்கப்பறம் வேற ரெண்டு பேரு. அதாவது காம்பஸ் அங்க வழி பாக்கற கருவி மட்டும் இல்ல, கீழ இருக்கற பொருளுக்கு முகவரி எழுதற கருவி.

இந்தக் காம்பஸ் டப்பாவ முதல்முறை பாக்கறவங்க ஒண்ணு கவனிச்சுக் குழம்புவாங்க, கிழக்கும் மேற்கும் இடம் மாறி இருக்கும். தப்பா அச்சடிச்சது இல்ல. டப்பா கயிறோட சேந்து திரும்புது, முள் மட்டும் வடக்கப் பாத்து நிக்குது, நாம வலப்பக்கம் திரும்பினா முள் டப்பாக்குள்ள இடப்பக்கம் போன மாதிரி தெரியும், அதனால எண்களயும் இடப்பக்கமா ஓட விட்டா முள் காட்டற எண்ணே நாம போற திசை. மனசுல கழிச்சுக் கூட்டற வேலை இல்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துல, முட்டி வரைக்கும் தண்ணில நின்னுக்கிட்டு ரீடிங் எடுக்கற ஆளுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு யோசிச்சுப் பாருங்க.

தொங்க விடற ஏற்பாட 1633 வாக்குல கொண்டு வந்தவர்னு பால்தாஸார் ரோஸ்லர்ங்கறவரச் சொல்றாங்க, ஆல்டென்பெர்க்ல பெரிய சுரங்க அதிகாரியா இருந்தவரு. வேலை எப்படி நடக்கும்னா, ரெண்டு மரத்தாங்கல்ல பித்தளை திருகு அடிச்சு நடுவுல சணல் கயிற விறைப்பா இழுத்துக் கட்டுவாங்க. கயிறு மேட்டுல ஏறலாம், பள்ளத்துல இறங்கலாம், கவலை இல்ல. ரெண்டு கொக்கி உள்ள ஒரு பித்தளைச் சட்டத்த கயித்துல மாட்டுவாங்க, அதுக்குள்ள காம்பஸ் டப்பா தானா ஆடி மட்டமா நிக்கும், கயிறு எவ்ளோ சாஞ்சிருந்தாலும் சரி. முள் ஆட்டம் நிக்கற வரைக்கும் காத்திருந்து, வெளிச்சத்தப் பக்கத்துல கொண்டு வந்து, வடக்கு முனையப் படிப்பாங்க. அப்பறம் அதே கயித்தோட இன்னொரு முனைல மாட்டி மறுபடி படிப்பாங்க. அடுத்து காம்பஸ எடுத்துட்டு, தூக்குக்குண்டு தொங்கற மெல்லிசான பித்தளை அரைவட்டத்த மாட்டுவாங்க, அது சாய்வு காட்டும். நீளத்த லாக்டர் கணக்குல அளப்பாங்க, ஒரு லாக்டர் ஏறக்குறைய 2 மீட்டர். அவ்ளோதான். ஸ்டேண்ட் வேண்டாம், கருவிக்குப் பின்னாடி கண்ண வச்சுப் பாக்க இடம் வேண்டாம், ஒரு ஆள் படுத்துக்கிட்டே போகற சந்துலயும் வேலை நடக்கும். மொத்த செட்டும் ஒரு தோல் பைல தோள்ல மாட்டற அளவுதான்.

ரெண்டாவது டயல். இது கார்ன்வால், இங்கிலாந்து நிலக்கரிப் பக்கத்துப் பழக்கம், அங்க சுரங்கம் அளக்கறதையே டயல் பண்றதுன்னுதான் சொல்லுவாங்க. ஸ்டேண்ட் மேல காம்பஸ், ரெண்டு பக்கமும் பார்வைச் சட்டம், அது வழியா அடுத்த ஆளோட வெளிச்சத்தப் பாத்து திசை எடுப்பாங்க. 1850ல ஜான் ஹெட்லி பார்வைச் சட்டம் மேலயும் கீழயும் சாயற மாதிரி பண்ணாரு, சரிவான இடத்துல பாக்கறது சுலபமாச்சு. இதுல ரெண்டு விதமா வேலை பாக்கலாம். முள்ள சும்மா ஆட விட்டு வடக்கப் படிக்கறது ஒண்ணு. முள்ளப் பூட்டிட்டு, போன கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல உள்ள கோணத்த மட்டும் வெர்னியர்ல, அதாவது டிகிரிய இன்னும் சின்னதாப் பிரிச்சுப் படிக்கற துணை அளவுகோல்ல, படிக்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது முறைலதான் டயலோட உயிரே இருக்கு, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

மூணாவது தியோடலைட். டெலஸ்கோப் உண்டு, கோணத்த மினிட் கணக்குல (டிகிரில 60ல ஒரு பங்கு), நல்ல கருவின்னா செகண்ட் கணக்குலயே (மினிட்ல 60ல ஒரு பங்கு) படிக்கும். ஃப்ரைபெர்க் சுரங்க அகாடமில யூலியுஸ் வைஸ்பாக் இதத்தான் சுரங்கத்துக்குள்ள கொண்டு வரணும்னு நின்னாரு, 1844ல ஆரம்பிச்ச ரோத்ஷோன்பெர்க் வடிகால் பாதைக்கு அவர் தியோடலைட் வச்சு அளந்தாரு. அது 1877 வரைக்கும் நடந்த வேலை, கிளையெல்லாம் சேத்தா 50 கிலோமீட்டர் வரும், நடுநடுவுல 8 ஷாஃப்ட், அதாவது மேலேர்ந்து இறங்கற செங்குத்துக் குழி, இறக்கி அங்கங்கேர்ந்து ரெண்டு பக்கமும் குடைஞ்சாங்க.

சரி, எது ஜெயிக்கும்? கணக்கு போட்டுப் பாத்துடுவோம், ஏன்னா இங்கதான் எல்லாரும் நினைக்கறதுக்கு நேர்மாறா ஒண்ணு வரும்.

தியோடலைட் கோணத்த அளக்குது, திசைய அளக்கல. முதல் கோட்டோட திசைய நீங்க குடுக்கணும், அதுலேர்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன்லயும், அதாவது கருவி வைக்கற ஒவ்வொரு புள்ளிலயும், கோணத்தக் கூட்டிக்கிட்டே போகணும். நாலாவது ஸ்டேஷன்ல சின்னத் தப்பு நடந்தா அஞ்சாவதுலேர்ந்து நூறாவது வரைக்கும் எல்லாம் அந்தத் தப்போட சேந்தே திரும்பும். காம்பஸ் அப்படி இல்ல, ஒவ்வொரு கயித்துலயும் புதுசா வடக்கக் கேக்குது, நாலாவது கயித்துல தப்பாப் படிச்சா அந்தக் கயிறு மட்டும் கொஞ்சம் நகரும், அஞ்சாவது மறுபடி சரியான திசைல போகும்.

1 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்ச பழைய பாதைன்னு வச்சுக்குவோம், 10 மீட்டருக்கு ஒரு திருப்பம், மொத்தம் 100 கோடு. காம்பஸ்ல ஒவ்வொரு தடவையும் கால் டிகிரி தப்பு வரலாம்னு வச்சா, கடைசி முனைல பக்கவாட்டுல எதிர்பாக்கற விலகல் அரை மீட்டருக்கும் குறைவு. தியோடலைட்ல ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு மினிட் தப்புன்னு வைங்க, அதாவது காம்பஸ விட 15 மடங்கு துல்லியம், ஆனா தப்பு சேந்துக்கிட்டே போறதால கடைசி முனைல விலகல் ஏறக்குறைய 1.7 மீட்டர்! அந்த ஒரு மினிட் ரொம்ப அதிகம்னு யாராவது சொல்லலாம், ஆனா 10 மீட்டர் கோட்டுல கருவிய புள்ளி மேல வைக்கும்போது 2 மில்லிமீட்டர் நகந்தாலே 40 செகண்ட் போயிடும், சேத்துலயும் சொட்டற தண்ணிலயும் அது சாதாரணம்.

இப்ப அதே 1 கிலோமீட்டர் நேரான பாதையா இருக்கட்டும், 50 மீட்டருக்கு ஒரு கோடுன்னா மொத்தம் 20 கோடுதான். காம்பஸ் விலகல் 1 மீட்டர் கிட்ட வரும். நீளக் கோட்டுல தியோடலைட் தப்பு 20 செகண்டுக்குள்ள நிக்கும், விலகல் கால் மீட்டர். இங்க தியோடலைட்டுக்குத்தான் வெற்றி, சந்தேகமே இல்ல. வைஸ்பாக் பண்ணது சரியான முடிவு, ஏன்னா அவர் வேலை நீளமான புதுப் பாதை. அதுக்காக அவருக்கு முன்னாடி 200 வருஷம் கயித்துல காம்பஸ் மாட்டினவங்க எல்லாம் குத்துமதிப்பா வேல பாத்தாங்கன்னு சொல்றது அநியாயம், அவங்க அளந்தது குறுகலான, செங்குத்தா இறங்கற, அஞ்சு மீட்டருக்கு ஒருக்கா திரும்பற தாது வழிங்க, அதுக்கு அந்தக் கருவிதான் சரி.

ஆனா காம்பஸ் மேல ரெண்டு பெரிய கேஸ் இருக்கு, ரெண்டும் உண்மைதான்.

முதல் கேஸ் இரும்பு. ஆரம்பத்துல ஜெர்மன் சுரங்கத்துல தண்டவாளம் மரம், பம்ப்பு மரம், கயிறு சணல், அளவுக்காரர் கொண்டு போற சாமான் பித்தளை, முள்ளத் தொந்தரவு பண்ண பெருசா ஒண்ணும் இல்லாத உலகம். 1834ல கிளவ்ஸ்டால்ல வில்ஹெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிய முறுக்கி வடம் பண்ணி கரோலினா ஷாஃப்ட்ல ஓட்டிக் காட்டினாரு, உலகத்துக்கே அது பெரிய கொடை, சணல் வடமும் சங்கிலியும் அறுந்து ஆள் சாகறத குறைச்ச விஷயம். பின்னாடியே இரும்புத் தண்டவாளம், இரும்புக் குழாய். சுரங்கம் பத்திரமாக ஆக காம்பஸுக்கு அங்க இடம் இல்லாமப் போச்சு. காம்பஸ் துல்லியம் பத்தாம ஒதுக்கப்பட்டதுன்னு சொல்றதவிட, இரும்பு வந்து அத வெளில தள்ளுச்சுன்னு சொல்றதுதான் எனக்கு சரியாப் படுது.

இந்த இடத்துலதான் டயல் கை குடுக்கும். ஒரு ஸ்டேஷன்ல இரும்பு இருந்தா முள் விலகும், ஆனா அதே இடத்துல நின்னு பின்னாடி கோட்டையும் முன்னாடி கோட்டையும் படிச்சா ரெண்டு ரீடிங்லயும் ஒரே அளவு விலகல்தான் இருக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியாவே வரும். இரும்பு இல்லாத ஒரு சுத்தமான கோட்ட எங்கயாவது பிடிச்சுட்டா அதுலேர்ந்து கோணத்தக் கூட்டிக்கிட்டு வந்துடலாம். முள்ளப் பூட்டி வெர்னியர்ல படிக்கறதும் இதே யோசனைதான். தொங்கு காம்பஸ்லயும் கயித்தோட ரெண்டு முனைலயும் படிக்கறது இதுக்காகத்தான், ரெண்டும் ஒத்துப் போகலன்னா பக்கத்துல எங்கயோ இரும்பு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இதே விலகல் இன்னொருத்தருக்கு வரம்ங்கறதையும் சொல்லிடறேன். சுவீடன்ல காந்த இரும்புத் தாதுவ தேடறதுக்குன்னே 17ஆம் நூற்றாண்டுலேர்ந்து சுரங்கக் காம்பஸ் பயன்படுத்தினாங்க, முள் எங்க கோணலாப் போகுதோ அங்க தோண்டு. அமெரிக்கால மிச்சிகன்ல 1844 செப்டம்பர் 19 அன்னிக்கு வில்லியம் பர்ட்டோட சர்வே டீம் முள் தாறுமாறா ஓடறதப் பாத்துதான் மார்க்வெட் இரும்புத் தாது இருக்கறதையே கண்டுபிடிச்சுது. அவர் கைல சூரியன வச்சு திசை பாக்கற காம்பஸும் இருந்ததால முள் எவ்ளோ விலகுதுன்னு அவரால சொல்ல முடிஞ்சுது. பூமிக்கு அடியில சூரியன் ஏது!

ரெண்டாவது கேஸ் வடக்கே நகர்றது. காந்த வடக்கு வருஷா வருஷம் நகரும், நம்ம காம்பஸ் அதப் பத்தி ஒண்ணும் சொல்லாது. லண்டன் ரீடிங்க எடுத்துக்கோங்க, 1580ல உண்மையான வடக்குலேர்ந்து 11 டிகிரி கிழக்க, 1660 வாக்குல பூஜ்யம், 1818 வாக்குல 24 டிகிரி மேற்க. பூஜ்யத்துலேர்ந்து 24க்குப் போன காலத்துல சராசரியா ஆறேழு வருஷத்துக்கு ஒரு டிகிரி. 20 வருஷம் முன்னாடி வரைஞ்ச பிளான இன்னிக்கு அளவோட சேத்து வச்சா 3 டிகிரி பிசகும், 500 மீட்டர் தள்ளி இருக்கற முனை 26 மீட்டர் தள்ளிக் காட்டும். பழைய சுரங்கத்துல தண்ணி நிறைஞ்சு நிக்கும், அத 26 மீட்டர் தப்பா குறிச்சிருக்கற பிளான நம்பி பக்கத்துல குடைஞ்சா என்ன ஆகும்? தேதி போடாத காம்பஸ் பிளான் ஆபத்தான காகிதம். இங்கிலாந்துல 1815 மே 3 ஹீட்டன் சுரங்கத்துல பழைய வேலைகள்ல தேங்கின தண்ணி உடைச்சுக்கிட்டு வந்து 75 பேர், பெரியவங்களும் பசங்களும், செத்தாங்க. அது காம்பஸ் தப்பால நடந்ததுன்னு சொல்ல வரல, பழைய வேலை எங்க இருக்குன்னு துல்லியமாத் தெரியாததோட விலை அவ்ளோ பெருசுன்னு சொல்றேன். 1840ல லண்டன்ல சுரங்கப் பிளான்கள சேத்து வைக்க ஒரு ஆபீஸ் வந்துச்சு, 1872ல சட்டமே வந்துச்சு, சுரங்கத்தக் கைவிட்டா பிளான ஒப்படைச்சே ஆகணும்னு.

இதுக்கு பழைய மார்க்ஷைடர்கள் கிட்ட ஒரு நல்ல வழி இருந்துச்சு. கீழ அளந்த அதே காம்பஸால மேல தரையிலயும் அதே நாட்கள்ல அளந்துடுவாங்க. வடக்கு தப்பா இருந்தா மேலயும் கீழயும் ஒரே அளவு தப்பு, மொத்தப் படமும் ஒண்ணாத் திரும்பும், ரெண்டு முனையும் சந்திக்கறதுக்கு அது தடையே இல்ல. தப்ப நீக்கல, ரெண்டு பக்கமும் சமமா ஆக்கிட்டாங்க. இந்த யோசனை எனக்கு ரொம்ப மதிப்பானதாப் படுது.

இப்ப தியோடலைட் மேல இருக்கற கேஸ், இத யாரும் அதிகம் பேசறதில்ல. அதுக்கு முதல் கோட்டோட திசைய யார் குடுப்பா? படுக்கைப் பாதை வழியா வெளிலேர்ந்து கொண்டு வந்தா பிரச்சினை இல்ல. ஷாஃப்ட் வழியா மட்டும்தான் இறங்க முடியும்னா ஷாஃப்ட்ல ரெண்டு கம்பிய தூக்குக்குண்டு கட்டித் தொங்க விட்டு, மேல அந்த ரெண்டு கம்பி காட்டற திசையே கீழயும்னு எடுத்துக்கணும். ஷாஃப்ட் அகலம் 3 மீட்டர்தான், அதுல ஒரு கம்பி 1 மில்லிமீட்டர் நகந்தா ஒரு மினிட்டுக்கு மேல திசை தப்பு, அத வச்சு கிலோமீட்டர் கணக்குல போகணும். மிச்சிகன்ல டாமராக் சுரங்கத்துல 1901ல 4,000 அடிக்கு மேல ஆழத்துக்கு கம்பி தொங்க விட்டாங்க, கீழ ரெண்டு கம்பிக்கும் உள்ள இடைவெளி மேல இருக்கறத விட அதிகமா வந்துச்சு, ரெண்டும் நேராத் தொங்கினா பூமி மையத்தப் பாத்து கொஞ்சம் நெருங்கத்தானே வேணும்! கடைசில ஷாஃப்ட்ல ஓடற காத்துதான் கம்பியத் தள்ளுதுன்னு கண்டுபிடிச்சாங்க. காம்பஸுக்கு இந்தத் தலவலி எதுவும் இல்ல, கீழ போய் மாட்டினா வடக்கு அங்கயே கிடைக்குது.

அதனாலதான் புத்திசாலிங்க ரெண்டுல ஒண்ணத் தேந்தெடுக்காம ரெண்டையும் சேத்தாங்க. கிளவ்ஸ்டால்ல போர்ஷர்ஸ்ங்கற மார்க்ஷைடர், ரெண்டு முனையும் நெருங்கி வரும்போது ஒரு பக்கத்துல பலமான காந்தத்த வச்சு, பாறைக்கு அந்தப் பக்கம் முள் எப்படி விலகுதுன்னு பாத்து எதிர் முனை எந்தத் திசைல இருக்குன்னு கணக்குப் போட்டாரு, 1846ல அதப் பத்தி எழுதியும் வச்சிருக்காரு. பாறைய உடைக்காமயே பாறைக்கு அந்தப் பக்கத்தப் பாக்கறது! அதே ஊர்ப் பக்கம் 1851லேர்ந்து 1864 வரைக்கும் குடைஞ்ச எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் வடிகால் பாதை பல முனைலேர்ந்து ஒரே நேரத்துல வேல நடந்து சேந்தது.

ஆக 1840ல நான் மார்க்ஷைடரா இருந்தா என் முடிவு இதுதான். புது நீளப் பாதைக்கு தியோடலைட், திசை வெளிலேர்ந்து பாதை வழியா வரணும். பழைய சந்து பொந்து அளக்க தொங்கு காம்பஸ், தரையிலயும் அதே கருவி. தண்டவாளமும் பம்ப்பும் போட்ட இடத்துல முள் பூட்டின டயல். தியோடலைட் கைல இருக்கேன்னு எல்லா இடத்துலயும் அதையே தூக்கிட்டுப் போக மாட்டேன்.

காந்தம் வேண்டாம், ஆனா ஒவ்வொரு கோட்டுலயும் புதுசா வடக்கு வேணும்னா? அதுக்குத்தான் ஜைரோ தியோடலைட், பூமி சுத்தறத வச்சு உண்மையான வடக்கக் கண்டுபிடிக்கும், சுரங்கத்துக்கான முதல் கருவிகள் 1940கள் கடைசில அதே கிளவ்ஸ்டால்ல உருவாச்சு. 57 கிலோமீட்டர் கோட்டார்ட் ரயில் சுரங்கத்துல 2010 அக்டோபர் 15 அன்னிக்கு ரெண்டு பக்கமும் சந்திச்சப்ப பக்கவாட்டு விலகல் 8 சென்டிமீட்டர்தான், அங்க ஜைரோவும் கூட வேலை பாத்துச்சு. தியோடலைட்டுக்கு காம்பஸோட குணத்த சேத்துக் குடுத்ததுதான் அது.

இன்னிக்கு குகையோ கைவிட்ட சுரங்கமோ அனுமதியோட, தெரிஞ்ச ஆளோட அளக்கப் போறவங்களுக்கும் இதே தேர்வுதான் முன்னாடி நிக்குது. ஃபோன் காம்பஸ் வேண்டாம், ஸ்பீக்கர் காந்தமும் கவர் காந்தமும் பக்கத்துலயே இருக்கு, கோடு போட்டுப் பாக்கறதுக்கான விளிம்பும் அதுக்கு இல்ல. கண்ணால பாத்துப் படிக்கற சூன்டோ மாதிரி காம்பஸ் நல்லது, அரை டிகிரி கோடு இருக்கும், பேட்டரி வேண்டாம், ஆனா செங்குத்தா மேல பாக்கும்போது கஷ்டம். சுவிட்சர்லாந்துல பீட் ஹீப் லேசர் மீட்டருக்குள்ள காந்த சென்சார் போட்டு உருவாக்கின டிஸ்டோஎக்ஸ், தூரம் திசை சாய்வு மூணையும் ஒரே அழுத்தத்துல குடுக்கும், செங்குத்தாவும் படிக்கும், நான் எடுத்தா இதத்தான் எடுப்பேன். காலிப்ரேஷனுக்கு, அதாவது சென்சார சரி பண்ணிக்கறதுக்கு, 56 ஷாட் எடுக்கணும், இரும்பு உறை பேட்டரி போடற மாடல்ல பேட்டரி மாத்தினா மறுபடி பண்ணணும். ஹெட்லைட்ட கருவிகிட்ட கொண்டு போகாதீங்க, இரும்பு ஃப்ரேம் கண்ணாடியும் ஆகாது. கோட்ட முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு பக்கமும் படிங்க, ரெண்டு ரீடிங்கையும் அப்படியே எழுதுங்க, சராசரி மட்டும் எழுதினா இரும்பு எங்க இருந்துச்சுன்னு பின்னாடி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. பிளான் ஓரத்துல அளந்த தேதியும், எந்த வடக்க வச்சு வரைஞ்சீங்கங்கறதும் கண்டிப்பா இருக்கணும்.